மாமா இறங்கிய படிக்கட்டு

டென்மார்க்கின் ஹேர்னிங்கிலிருந்து இரண்டு நாள் காரில் குந்தியிருந்து பிரான்சுக்குப் போனது, நானறிய, ஒரு கோட்டையைப் பார்க்கத்தான். எண்பதுகளின் நடுவில், அப்பாவின் தொழிற்சாலை பூட்டியிருந்த கோடை லீவு. எனக்கு எட்டு வயது. பீரங்கி இருக்கும் என்று நம்பிப் போனவளுக்குக் கிடைத்தது கூரை நிறையப் புகைபோக்கிகளும் வெறும் அறைகளும்தான்.

பாரிஸிலிருந்து அம்மாவின் அண்ணனும் வந்திருந்தார். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்துப் பெண்ணான அம்மா, சைவக்காரரான அப்பாவைக் கட்டிய நாளிலிருந்து மாமா அவளோடு கதைப்பதில்லை. அப்பா தொலைபேசியில் கெஞ்சியதற்கு, "கோட்டை பாக்க வாறன். அவளோட கதைக்கச் சொல்லிக் கேக்காதையும்" என்றாராம். சொன்ன சொல் தவறாத மனிதர். கோட்டையை மட்டுமே பார்த்தார்.

நடு மண்டபத்தில் சுழன்று ஏறும் கல் படிக்கட்டு ஒன்று இருந்தது. "ஒண்டில்லை, ரெண்டு. ஒண்டை ஒண்டு சுத்திக்கொண்டு போகுது. ஏறுறவை இறங்குறவையோட முட்டவே மாட்டினம்" என்று அப்பா வியந்தார். நாங்கள் ஒன்றில் ஏற, மாமா மற்றதில் இறங்கினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்க, அவர் ஏறினார். இடையிலிருந்த ஜன்னல்களூடாக அவருடைய வழுக்கைத் தலை தெரியும். தெரிந்ததும் அம்மா இன்னும் வேகமாக நடப்பாள். இப்படி நாலு தரம். இதைக் கட்டினவனுக்கு வேறு வேலை இல்லையா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. கால் நோகுது என்று டேனிஷில் கத்தினேன். "பொத்தடி வாயை" என்று அம்மா தமிழில் சொன்னாள்.

ஐந்தாம் தரம் நான் போகவில்லை. வெளியே புல்வெளியில் அப்பா கூரையைப் படமெடுத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கிடந்த அம்மாவின் பையைத் திறந்தேன். வழியெல்லாம் என்னைத் தொடவிடாத பால்மா டின்; உள்ளே பயற்றம்பணியாரம். மாமாவுக்கென்று அம்மா சுட்டது. தன் கையால் செய்ததில் அண்ணை ஒன்றாவது தின்றால் போதும் என்று அவள் அப்பாவிடம் சொன்னதையும் கேட்டிருந்தேன். கேட்டிருந்தும் தின்றேன். இருந்த கோபத்தில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கடைசியில் களைத்துப்போய் எல்லாரும் புல்லில் வந்து குந்தினார்கள். அப்பாவின் வற்புறுத்தலுக்காக மாமாவும், கொஞ்சம் தள்ளி. அம்மா டின்னைத் திறந்து பார்த்தாள். முதுகில் எனக்கு ஒன்று விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கையை மாமா எட்டிப் பிடித்தார்.

"பிள்ளைக்கு அடியாதை. பசிக்குத் திண்டிட்டுது."

அம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலே அழத் தொடங்கினாள். மாமாவும் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. அடி வாங்கியது நான், அழுகிறவர்கள் இவர்கள்.