மெக்கானிக் கிளம்பிவிட்டார்

"நீ அனுப்பலைன்னா, செத்த மனுஷனா எழுந்து வந்து அனுப்பினாரு?"

எதிர்வீட்டு அக்கா தன் தம்பியைப் பார்த்துப் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. எதிர்வீட்டில் குடியிருந்தால் காதில் விழத்தானே செய்யும்? நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான். மீதியை அந்தத் தம்பியே என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அக்காவின் புருஷன் ஏசி மெக்கானிக். "இதோ கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டிருக்கும் ரகம். வாடிக்கையாளர்களின் வசவு தாங்காமல், மச்சான்காரனான இந்தத் தம்பி அவர் போனுக்கென்று ஒரு ஆப் எழுதிக் கொடுத்தான். எதையும் அழுத்த வேண்டாம். ஆள் நகர்ந்தால் போதும், அதுவாகவே எஸ்எம்எஸ் அனுப்பிவிடும். 'மெக்கானிக் கிளம்பிவிட்டார்.' 'உங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.' இரண்டே செய்திகள்தான்.

சோதித்துப் பார்க்க அக்கா நம்பரைப் போட்டவன், வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தான். அவர் யார் வீட்டுக்குப் போனாலும் அக்காவுக்கும் ஒன்று வந்து விழும். புருஷன் எங்கே சுற்றுகிறான் என்று தெரிவது நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வருடம் நாலாவது மாடியில் மிஷின் மாட்டும்போது விழுந்தார். ஆளும் போனார், செய்தியும் நின்றது.

இப்போது அக்காவுக்கு மருந்துக்கடைக்காரரோடு மறுகல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தம்பிக்கு அதில் இஷ்டமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அந்த நேரம் பார்த்து, காலையில், மாமா நம்பரிலிருந்து ஒரு செய்தி.

'மெக்கானிக் கிளம்பிவிட்டார்.'

அவள் வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

"பயமுறுத்திக் கல்யாணத்தை நிறுத்தப் பாக்குற. இனி நீ எனக்குத் தம்பியே இல்ல."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பீரோவிலிருந்து மாமாவின் போனை எடுத்து வந்து மேசையில் போட்டான். உடைந்த கண்ணாடி. உப்பிய பேட்டரி.

"பாரு. சிம்மே இல்ல. நம்பரையும் எப்பவோ ரத்து பண்ணியாச்சு. எதுலேர்ந்துக்கா அனுப்புவேன்?"

டிங்.

அக்காவின் போன்.

'உங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.'

மொட்டை வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சன்னலில் நான்தானே நின்றுகொண்டிருந்தேன்...

படிக்கட்டில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... ஒரு காலை இழுத்து இழுத்து.

நின்றது.

டிங்.

'வாசல்லதான் நிக்கறேன். கதவத் திற.'

தம்பி போனை எட்டிப் பார்த்தான். "அக்கா... இது நான் எழுதினதில்ல."

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். கதவை மடாரென்று திறந்தாள்.

யாருமில்லை.

குப்பென்று குளிர்.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டுப் போன. இந்த வீட்டுக்கு என்னிக்காவது நேரத்துக்கு வந்திருக்கியா? இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கோன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியா? என்னை நட்டாத்துல விட்டுட்டு இப்ப எதுக்கு வந்த? நான் வாழப்போறேன். போ."

குளிர் போனது. இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தை அவனே முன்நின்று நடத்தினான். அக்கா சாமான்களோடு மருந்துக்கடைக்காரரின் ஊருக்குக் குடிபோனாள். தம்பியும் வேலையை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டான்.

சாமான் வண்டிக்காரர் திரும்பி வந்து கேட்டதை மட்டும் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பின்னாடி சாமானோட ஒருத்தர் உக்காந்து வந்தாரே, யாருங்க அவரு? வழியெல்லாம் வாயே தொறக்கல. வீடு வந்ததும், அந்தம்மா இறங்கறதுக்குள்ள உள்ள போயிட்டாரு."