மான் வேலியில் ஆட்டுத்தோல்

ஆம்பூரில் நாலு தோல் ஷெட்டு, சத்துவாச்சாரியில் ஒரு தெரு முழுக்க வீடு, ஜோலார்பேட்டையில் கல்யாண மண்டபம் — அத்தனையும் ஐந்தாம் கிளாஸ் தாண்டாத இந்தக் கை கட்டியது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை எது தெரியுமா? ஒரு மான் வேலி!

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் தோல் ஷெட்டு வைத்திருந்த கரீம் பாய், பின்னால் இருந்த தோப்பில் ஏழு புள்ளிமான் வளர்த்தார். பெற்ற பிள்ளைகளைவிட ஜாஸ்தி செல்லம். வன இலாகாவிலிருந்து உத்தரவு வந்தது — வேலி எட்டடி இருக்க வேண்டும், இல்லையென்றால் மான்களைக் கொண்டுபோய்விடுவார்கள். நான் போட்டிருந்தது ஆறடி. மறுநாள் ரேஞ்சர் வருகிறார்!

கம்பி வாங்க நேரமில்லை. மூளை இருந்ததே! தோலை விரித்து ஆணியடித்துக் காயவைக்கும் மரச்சட்டங்கள் ஷெட்டில் குவிந்து கிடந்தன. ஆட்களைவிட்டு வேலி மேல் வரிசையாகக் கட்டவைத்தேன். எட்டடி!

ரேஞ்சர் வந்தார். டேப் பிடித்தார். தலையாட்டினார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாய்யா அது?"

பாதிச் சட்டங்களில் தோல் அப்படியே இருந்தது! எங்கள் ஊரில் தோல் காய்வது, கொடியில் வேட்டி காய்வது மாதிரி... யார் கண்ணிலும் படாது.

"ஆட்டுத்தோல் சார்" என்றார் பாய். மயிர் எடுத்த தோலில் ஆடு எது, மான் எது?

ரேஞ்சர் மான்களை எண்ணினார். அவர் ரிஜிஸ்டரில் ஏழு, நின்றது ஆறு.

"ஏழாவது எங்க பாய்? மேல காயுதா?"

பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னா மேஸ்திரி, பேஜார் பண்ணிட்டியே!"

யோசித்துப் பாருங்கள். மான் வெளியே கிடைத்தால் என் வேலி பொய். கிடைக்காவிட்டால் பாய் ஜெயிலில்!

அப்போது, தோலில் தடவும் உப்பு வைக்கும் கோடவுனிலிருந்து ஒரு தொழிலாளியின் சத்தம். "பாய்! உங்க செல்லம் இங்க உப்பு நக்கிட்டு இருக்கு!"

சட்டம் தூக்கிவந்த ஆட்கள் கேட்டை விரியத் திறந்து போட்டிருந்தார்கள். விதி வேலியின் உயரத்தை அளக்கிறது. ஓடுகிறவனோ கதவைத்தான் பார்க்கிறான்.

நான் விடுவேனா? "பாத்தீங்களா சார், வேலியைத் தாண்டல. கேட்டு வழியா மரியாதையா போயிருக்கு. அதான் வெளியே இன்னொரு கேட் போடப்போறேன். ஒண்ணைச் சாத்திட்டுத்தான் இன்னொண்ணைத் திறக்கணும்."

"எப்ப யோசிச்ச?"

"ரொம்ப நாளா சார்."

ரேஞ்சர் சிரித்துவிட்டார். "ரெண்டு கேட், எட்டடிக்குக் கம்பி. அடுத்த வாரம் வர்றேன். அந்தத் தோலை முதல்ல இறக்குங்கய்யா!"

மான்கள் பாயிடமே தங்கின.

போன வாரம் ஒரு மான் பூங்காவுக்குப் போனேன். வாசலில் இரட்டைக் கேட். யார் யோசனை என்று காவலாளியைக் கேட்டேன்.

"யாரோ ஒரு ரேஞ்சராம் சார்."

அநியாயம் இல்லையா? கேட்டில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. என் பெயரை எழுதுங்கள் — பெயிண்ட் நானே வாங்கித் தருகிறேன்!