குட்டி என்று நினைத்த கரப்பான்

என் மனைவிக்கு ஆஸ்துமா. அதனால் ஒரகடத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் கரப்பான் பூச்சி தென்பட்டாலே எனக்குப் பதற்றம். கடந்த மாதம் விரல் நகம் அளவில் ஏழு பூச்சிகளைப் பார்த்தேன். சாக்கடையிலிருந்து வரும் பெரிய கரப்பானின் குட்டிகள் என்று நினைத்து, குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையில் தினமும் மருந்து ஊற்றினேன். ஏழு, முப்பத்தொன்றானது.

பயத்தில் ஒரு நாள் அடுப்படி முழுக்க ஸ்பிரே அடித்துவிட்டேன். அது தெரியாமல் காபி போட உள்ளே போன மனைவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

வீடு திரும்பியதும், ஷிஃப்ட் முடிந்து வந்த மருமகள் செத்துக் கிடந்த ஒன்றைக் காகிதத்தில் எடுத்துக் காட்டினாள்.

"மாமா, குட்டின்னா றெக்கை இருக்குமா? இது வளர்ந்ததுதான். ஜாதியே வேற. தலைக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு கீது பாருங்க. இது சாக்கடைல இருக்காது, அடுப்படிலயேதான் குடித்தனம்."

தேடினோம். மகன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, அலமாரித் தட்டுகளில் நான்தான் விரித்திருந்தேன். அந்த அட்டை மடிப்புகளுக்குள் முட்டைப் பையோடு கூட்டமாக இருந்தன.

இப்போது அட்டை வாசலைத் தாண்டுவதில்லை. பூச்சியைக் கண்டால் முதலில் கோட்டையும் றெக்கையையும் பார்க்கிறேன். ஸ்பிரேக்குப் பதில் அலமாரி இடுக்குகளில் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைக்கிறேன். நேற்றைய கணக்கு இரண்டு.

ஆனாலும் மனைவி சமைக்கும்போது அடுப்படி வாசலில் நின்றுகொள்கிறேன்.

"இன்னும் இன்னாத்த எண்ணிக்கினு கீறீங்க?" என்று அதட்டுகிறாள்.

அவள் மூச்சைத்தான்.