இரண்டாம் குரலைத் திருத்தியவர்கள்

கோரஸ் பாடகிகளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர் வந்தார். கண்டுபிடிக்க நாங்கள் ஒன்றும் கடலுக்கடியில் கிடக்கவில்லை. நான் ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையோடு வருகிற எல்லாருக்கும் என்னைத் தெரியும். கடைக்குள் நுழைந்ததுமே அவர் கண்கலங்கி, "இந்த உலகம் உங்களைக் கவனிக்காமலே விட்டுருச்சும்மா" என்றார். அவருக்குப் பின்னால் ஆள் நின்றதால், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

முதுகுளத்தூரிலிருந்து தொண்டி வரை எங்கள் மெல்லிசைக் குழு பாடாத திருவிழா இல்லை. அதில் நான் பின்வரிசை. முன்னால் நிற்பவர் பாட்டைப் பாடுவார். அதே வரியை நான் கொஞ்சம் கீழே, வேறு மெட்டில் பாடுவேன். இரண்டும் சேர்ந்தால்தான் பாட்டு நிறையும். என்னுடையதைத் தனியாகக் கேட்டால் என்ன பாட்டென்றே தெரியாது. துருத்திக்கொண்டு தெரியாமல் பாடுவதுதான் என் வேலை. அதை நன்றாகவே செய்தேன், அழுதுகொண்டு செய்யவில்லை.

ஒரே ஒரு குறை உண்டு. குழுவின் வேனை ஓட்டியவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். மேடைக்குப் பின்னால் வேனில் உட்கார்ந்தே எல்லாக் கச்சேரியையும் கேட்டவர். வீட்டில் பழைய கேசட்டைப் போட்டு, "இதுல ஒன் குரலு எங்கன இருக்கு?" என்பார். "இந்தா, இந்தா இப்ப" என்று விரலை நீட்டுவேன். தலையை ஆட்டுவார். பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரியும். இயக்குநர், என் மெட்டை முதலில் தனியாகவும் பிறகு பாட்டோடு சேர்த்தும் படத்தில் காட்டுவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவையாவது என் குரல் கேட்டுவிடும் என்று ஆசைப்பட்டுத்தான் சம்மதித்தேன்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் சோகம் வராது போலிருக்கிறது. சாயல்குடிப் பக்கம் உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உப்புக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் குழம்போடு சரி. பட்டுச்சேலையில் போய் இறங்கினேன். பழைய நூல் சேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். வெயிலில் கண்கூசித் தண்ணீர் வந்ததும் ஓடிவந்து அதைப் படம் பிடித்தார்கள். பிறகு என் வரியைப் பாடினேன். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த பையனும் இயக்குநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுதி லேசா விலகுற மாதிரி இருக்கேம்மா?"

"விலகல தம்பி. அது அப்படித்தேன். மேல பாட்டு வந்து உக்காந்தா சரியா இருக்கும்."

"சூப்பர்ம்மா" என்றார். சூப்பர் என்று சொல்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நான் அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

படத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். மேடையில் பொன்னாடை போர்த்திய பிரமுகர்கள். கவனிக்கப்படாதவர்களுக்கான விழாவில், கவனிக்கப்படாத எங்களுக்கு மூன்றாவது வரிசை. படத்தில் உப்பளம் வந்தது, என் முகம் வந்தது. வாயைத் திறந்தேன். முன்னால் நிற்பவர் பாடும் மெட்டு வெளியே வந்தது. குரல் என்னுடையது, பாட்டு அவருடையது. மண்டபமே கைதட்டியது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தேன் ஒன் குரலு சுத்தமாக் கேட்டுச்சு. என்னமாப் பாடியிருக்க."

கையை உருவிக்கொண்டேன். எழுந்துபோய் இயக்குநரைக் கேட்டேன்.

"உங்க சுதி தப்பியிருந்துச்சும்மா. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டோம். யாருக்குமே தெரியாது" என்றார், எனக்குப் பெரிய உபகாரம் செய்தவர் போல. கோரஸ் பாடகியைக் கொண்டாட வந்து, அவள் பாடிய கோரஸை மட்டும் தூக்கிப்போட்ட மகராசன்.

அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள், அதே வரியை நேரில் பாட வேண்டுமாம். பாடினேன். என்னுடையதை, நான் பாடுகிறபடியே. கூட்டம் நெளிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள், "பாவம், வயசாயிருச்சுல்ல" என்றது காதில் விழுந்தது. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இயக்குநர் இன்னொரு மைக்கைப் பிடுங்கி, முன்னால் நிற்பவரின் மெட்டைப் பாட ஆரம்பித்தார். தகரத்தைத் தரையில் இழுக்கிற குரல். ஆனாலும் மெட்டு என் வரியின் மேல் வந்து உட்கார்ந்தது, பாட்டு நிறைந்தது. பழக்கதோஷம், நான் அரை அடி பின்னால் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அந்த ஆளுக்கும் நான்தான் கோரஸ். கைதட்டல் அவருக்குப் போனது.

கீழே இறங்கினேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஏ, இது நீயா?"

"நாந்தேன்."

"எல்லாப் பாட்டுலயும் அடியில ஓடுமே, அதுவா?"

"அதேதேன்."

அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"இம்புட்டு வருசமா அதக் கீபோர்டுன்னுல்ல நெனச்சேன். அந்தக் கீபோர்டுக்காரருகிட்டயே போயி, நல்லா வாசிச்சீகன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். அவரும் சரி சரின்னு தலையாட்டுனாரே."