ஆறில்லா நாட்டில் ஓர் அபாயச் சங்கு

இலங்கை மலையகத்தின் நீர்மின் நிலையம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மலையில் தேங்கிய மழைநீர் குழாய்வழி விழுந்து சக்கரத்தைச் சுழற்றும், மின்சாரம் பிறக்கும். இதுவே நான் கண்ட உலகம். ஓர் ஆறுகூட இல்லாத துபாய் எவ்வாறு ஒளிர்கிறது என்று பார்க்கும் ஆவல், 1999 தைப்பூசத்துக்கு ஆறு நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை நிறைவேறியது.

மருமகன் ரவீந்திரன் அங்கே ஒரு மின்நிலையத்தில் ஃபிட்டர். பூசத்தன்று ஊரில் என் பேரனுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதவைக்க நாள் குறித்திருந்தோம். பிள்ளையை மடியில் இருத்த வேண்டிய இந்தத் தகப்பனோ, அவன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறியவர். அவருடைய லீவு விண்ணப்பம் சூப்பர்வைசரின் மேசையில் கையெழுத்தின்றிக் கிடந்தது. நிலையத்துக்குள் செல்ல எனக்கு நுழைவுச் சீட்டு வாங்கித் தந்தவரும் அதே சூப்பர்வைசர்தான்.

துபாயின் கராமா பகுதியில் ரவீந்திரன் தங்கியிருந்த அறையில் நீராடிப் பதிகம் ஓதிவிட்டு, காலை 7.40க்கு டாக்சியில் புறப்பட்டோம். 36 கிலோமீட்டர், 38 நிமிடம், 45 திர்ஹம். கடற்கரையை விட்டுவிட்டுக் கரண்ட் பார்க்கவா போகிறார் என்று பெஷாவர்க்கார ஓட்டுநர் வழிநெடுகச் சிரித்தார். வாசலில் ரவீந்திரன் மெல்லச் சொன்னார்: "மாமா, தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்ட மட்டும் தாண்டிறாதீங்க. அந்தாளு மனசு கோணுச்சுன்னா என் லீவு அவ்வளவுதான்."

உள்ளே கண்டதை எப்படிச் சொல்வேன்! எரிவாயு எரிந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வெளியேறும் வெப்பம் கொதிகலனில் நீரை ஆவியாக்கி இன்னொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சிய ஆவியையும் வீணாக்காமல் கடல்நீரைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்துக் குடிநீராக்குகிறார்கள். மேகம் கடலை முகந்து மலையில் பொழிவதை நம் புலவர்கள் பாடினார்கள். அந்த வேலையை இங்கே எஃகுக் கலங்கள் செய்கின்றன. எங்கள் மலையில் நீர் மின்சாரத்தை ஈன்றது. இங்கோ மின்சாரம் பிறக்கும் வெப்பமே நீரை ஈனுகிறது. மெய்சிலிர்த்து நின்றேன்.

சரியாகப் பத்து மணிக்குச் சங்கு ஊதியது.

எங்கள் ஊரில் சங்கு ஊதினால் அணையின் கதவு திறக்கிறது என்று பொருள். ஆற்றில் நிற்பவர் கண் இமைக்கும் முன் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கால்கள் தாமே ஓடின. "தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்க!" என்று கூவியபடி இரும்புப் படிகளில் ஏறினேன். இருபதாம் படியில் திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் கோடு கீழே வெகுதூரத்தில் இருந்தது. வேலையாட்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரவீந்திரன் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார்.

மலையாளியான அந்தச் சூப்பர்வைசர் என்னை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். "எந்தா மாமா, இது திங்கக்கிழமைச் சங்கு. சும்மா டெஸ்ட். இவிட எங்கேந்து வெள்ளம் வரும்?"

நான் எழுந்து நின்று கைகூப்பினேன். "பிழை என்னுடையது ஐயா. முப்பத்தொரு வருசம் அணைக்குக் கீழ வேலை செஞ்ச காலு, சொன்னாக் கேக்கல. மருமகன் எச்சரிச்சுத்தான் கூட்டிட்டு வந்தாரு. அவர் மேல கோபம் வேணாம்."

"ஓடும்போது எல்லாரையும் ஏறச் சொல்லிட்டுத்தானே ஓடினீங்க?"

"பின்ன, தனியா ஏறுறதா?"

அவர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்திட்டார். "ரவீந்திரா, அடுத்த திங்கள் சங்கு ஊதும்போது நீயும் மாமனும் இவிட காணக்கூடாது, கேட்டியா?"

பிறகு ஒரு குவளை நீர் தந்தார். கடலாக இருந்த நீர். உப்பின் நினைவே அதில் இல்லை.

செல்ல விரும்புவோர் பாஸ்போர்ட் நகல், மூடிய காலணி இரண்டையும் மறவாதீர்கள்; கேமராவை அறையிலேயே வைத்துவிடுங்கள். அணைக்கட்டில் வேலை பார்த்தவரானால் திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நலம். நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம்; பூசத்தன்று பேரன் தகப்பன் மடியில் அமர்ந்து பச்சரிசியில் முதல் எழுத்தை எழுதினான். அன்று மாலை ஆற்றோரம் நாங்கள் நின்றபோது அணைப்பக்கம் சங்கு ஊதியது. ரவீந்திரன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு என் பின்னால் மேட்டுக்கு ஏறினார்.