ஒரு கையெழுத்துப் போதும்

பாரிஸ் லா சப்பலில் நான் நடத்தும் பல் மருத்துவ நிலையத்தை எங்கள் இருவர் பெயரிலும் கம்பனியாகப் பதிய, கணவரோடு கணக்காளரிடம் போனேன். எனக்காகத் தன் ஃபோன் கடையை மூடிவிட்டு வந்து, வரவேற்பிலிருந்து வாடகை வரை எல்லாம் பார்ப்பவர் அவர். அன்று கல்யாணக் கோட் போட்டிருந்தார்.

"டொக்டர் மட்டும்தான் நிர்வாகியா இருக்கலாம், அண்ணை. சட்டம் அப்பிடி. ஒரு கையெழுத்துப் போதும்," என்றார் கணக்காளர்.

கணவர் என்னைப் பார்த்தார்.

"ஓம், நீர் போடும்," என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் நான் நிலையத்துக்குள் நுழைந்ததும், நோயாளிகளுக்கு முன்னால் அவர் வரவேற்புக் கதிரையை விட்டு எழுந்து நின்றார். ஒருநாளும் அப்படி எழுந்தவரில்லை.

"இருங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் முதலாளியின் உத்தரவு போலாகிவிடுமே என்று பேசாமல் உள்ளே போனேன். அவர் இன்றும் எழுந்து நிற்கிறார்.