வெட்டாத சப்பாத்து

சுனாமி வந்த அந்தக் குளிர்காலத்தில், மொன்ட்ரியாலில் எங்கள் தெருவிலிருந்த யூதத் தொழுகைக்கூடத்தில் மட்டக்களப்புக்கு அனுப்ப உடுப்புச் சேர்த்தார்கள். அவற்றைப் பிரித்து அடுக்க நானும் போனேன். என்னோடு மிரியம் என்ற வயதான பெண்மணி வேலை செய்தார்.

ஒருத்தி தன் இறந்துபோன கணவரின் உடுப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்த மிரியம், நல்ல தோல் சப்பாத்துகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டார்.

"அங்க சனம் வெறுங்காலோட நிக்குது, இவ வெட்டி எறியிறா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

என் கோபம் அவருக்கு விளங்கியது. "இறந்தவரின் சப்பாத்தை உயிரோடிருப்பவர் போடக்கூடாது. அது எங்கள் வழக்கம்," என்றார் ஆங்கிலத்தில்.

புறப்படும்போது வாசலில் பனிச்சப்பாத்தை மாட்டினேன். கத்தரிக்கோலும் கையுமாக மிரியம் என் கால்களையே பார்த்தார்.

"உங்களுக்குப் பெரிதாக இருக்கிறதே. யாருடையது?"

"அண்ணனுடையது. விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் போயிருக்கிறார்."

ஊரில் பனி இல்லையென்று அதை என் வீட்டில் விட்டுப் போனவர். கடல் வந்த நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

மிரியம் கத்தரிக்கோலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வெளியே தெருவில் ஒருவரும் இல்லை. பாதி வழியில் ஏனோ திரும்பிப் பார்த்தேன். புதுப்பனியில் அண்ணனின் காலடிகள் நான் நின்ற இடம்வரை வந்திருந்தன.

அதன்பிறகு அந்தச் சப்பாத்தை நான் போடவில்லை. வெட்டவும் இல்லை.